பனிக்கரடியும் கம்பம் நகருக்குள் இறங்கிய யானையும்

எலும்பு தெரிய மெலிந்த பனிக்கரடியின் படம் சில மாதங்களுக்கு ஒருமுறை சமூக ஊடகத்தில் எல்லோர் பக்கத்திலும் வந்துவிடுகிறது. அதற்குக் கீழே தமிழில் வரும் கருத்துகளை விடாமல் படிப்பவள் நான். "பாவம்" என்பவர்களுக்கு அடுத்தபடியாக நிறையப் பேர் கேட்பது, வடக்கே பனி உருகுகிறது என்றால் இவற்றைப் பிடித்து அண்டார்டிகாவில் விட்டுவிடலாமே என்பதைத்தான். குமுளியில் என்னிடம் அறிவியல் படிக்கும் தமிழ்வழிப் பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். பிள்ளைகள் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். பெரியவர்கள் இதைத் தீர்வென்றே நம்புவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பிடி, லாரியில் ஏற்று, வேறு காட்டில் விடு என்ற யோசனை என்ன செய்யும் என்பதைக் கண்ணெதிரே பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள்.

எங்கள் ஊர் யானையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் கரடி.

பனிக்கரடி என்றதும் வெள்ளை நிறம், தடித்த ரோமம் என்று பேசி முடித்துவிடுகிறோம். உண்மையில் அதன் ரோமத்தில் வெள்ளை நிறமியே கிடையாது. ஒவ்வொரு முடியும் உள்ளே வெற்றிடம் கொண்ட, நிறமற்ற குழல். ஒளி சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது, அடியில் தோல் கறுப்பு. இது சுவையான செய்திதான். ஆனால் அந்த விலங்கின் வாழ்வு இதில் இல்லை. அது கொழுப்பில் இருக்கிறது.

வளர்ந்த ஆண் கரடி 350 முதல் 600 கிலோ வரை இருக்கும். பெண் அதில் ஏறக்குறைய பாதி. இத்தனை பெரிய உடம்பு சீல்களை, அதிலும் வளையச் சீல், தாடிச் சீல் என்ற இரண்டு இனங்களைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. சீல் நீருக்குள் வாழ்ந்தாலும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். உறைந்த கடலில் அது துளை போட்டு வைத்திருக்கும். கரடி அந்தத் துளையருகே அசையாமல் காத்துக் கிடக்கும். தண்ணீரில் துரத்திப் போனால் சீல் நழுவிவிடும், ஆகவே கரடிக்குக் கடல்பனிதான் வேட்டைத் தளம். பனி இல்லாத கடலில் சீல்கள் நிறைந்திருந்தாலும் அவை அதன் வாய்க்கு எட்டாது.

வசந்தத்தில் வளையச் சீல்கள் பனிக்கு மேல் குட்டி போடும். பால்குடி மறக்கும் பருவத்தில் குட்டியின் எடையில் பாதி வரை கொழுப்பாகவே இருக்கும். ஆண்டு முழுவதற்குமான ஆற்றலில் பெரும்பகுதியைக் கரடி அந்தச் சில வாரங்களில் சேர்த்துவிடுகிறது. வேட்டை நன்றாக இருந்தால் கொழுப்பை மட்டும் தின்றுவிட்டு இறைச்சியை அப்படியே விட்டுப் போகும். மிச்சம் துருவ நரிகளுக்கு. இவ்வளவு கொழுப்பு தின்று நமக்கு என்றால் மாரடைப்பு வந்துவிடும். கரடிக்கு வருவதில்லை. 2014இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இரத்தத்தில் கொழுப்பைக் கொண்டுசெல்லும் புரதத்துக்கான மரபணு உள்ளிட்ட பலவற்றில் பழுப்புக் கரடியிலிருந்து இது விலகி வந்திருப்பதைக் காட்டியது. இரண்டு இனங்களும் பிரிந்து ஏறக்குறைய மூன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்பது அந்த ஆய்வின் கணக்கு. அத்தனை காலம் எடுத்து அமைந்த இரத்தம் அது. உணவை மாற்றிக்கொள் என்று நாம் சொன்னதும் அது மாறிவிடாது.

எனக்கு எப்போதும் மனசு நிற்பது தாய்க்கரடியிடம்தான்.

இணை சேர்வது ஏப்ரல், மே மாதங்களில். ஆனால் கருவுற்ற முட்டை உடனே கருப்பையில் பதியாது. கோடை முழுக்க வளராமல் மிதந்து கொண்டிருக்கும். இலையுதிர் காலம் வந்ததும், தாயின் உடம்பில் போதிய கொழுப்பு சேர்ந்திருந்தால்தான் கரு பதியும். சேராவிட்டால் அந்த ஆண்டு கர்ப்பமே இல்லை. பிறக்கப்போகும் குட்டிக்குப் பால் கொடுக்கச் சக்தி இருக்கிறதா என்று உடம்பே முன்கூட்டிக் கணக்குப் பார்த்துவிடுகிறது. கரு பதிந்தால் அவள் பனிக்குள் வளை தோண்டிப் படுப்பாள். (பனிக்கரடி என்றாலே குளிர்காலம் முழுக்கத் தூங்கும் என்று நினைக்கிறார்கள். வளைக்குள் போய் நீண்ட நாள் அடைந்து கிடப்பது கர்ப்பிணிகள் மட்டும்தான். மற்றவை அந்த இருட்டிலும் வேட்டையாடும்.) நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் குட்டிகள் பிறக்கும், பெரும்பாலும் இரட்டை. கண் திறக்காத குட்டி ஒவ்வொன்றும் சுமார் 600 கிராம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 30 சதவீதம் கொழுப்பு. பசும்பாலில் 4 சதவீதம் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் குட்டிகள் பத்துக் கிலோவைத் தாண்டி வெளியே வரும்போது, கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பகுதித் தாய் எட்டு மாதம் வரை எதுவும் சாப்பிடாமல் இருந்திருப்பாள். அந்தப் பட்டினி முழுவதையும், அந்தப் பால் முழுவதையும், போன வசந்தத்தில் பனிமேல் பிடித்த சீல்கள்தான் தாங்குகின்றன. அப்புறமும் குட்டிகள் இரண்டரை வயது வரை அவளோடுதான் திரியும். ஆகவே மூன்று ஆண்டுக்கு ஒரு பிரசவம். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனம் ஒருமுறை சரிந்தால் எழுந்து வர எவ்வளவு காலம் பிடிக்கும்!

சரி, பனி இல்லாத மாதங்களில் தரையில் கிடைப்பதைத் தின்று பிழைக்காதா? இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மேற்கு ஹட்சன் விரிகுடாவில் கோடையில் கரையேறிய 20 கரடிகளைப் பின்தொடர்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சில காட்டுப்பழம் தின்றன, சில பறவைகளைத் தின்றன, சில எலும்பைக் கடித்தன, சில கடலில் நெடுந்தூரம் நீந்தின. சில எதுவும் செய்யாமல் படுத்து ஆற்றலை மிச்சம் பிடித்தன. 20இல் 19 எடை இழந்தன, சராசரியாக நாளொன்றுக்கு ஒரு கிலோ. நீந்திப் போனவற்றுக்குக் கடலில் செத்து மிதந்த விலங்குகள் கிடைத்தும், தண்ணீரில் இருந்தபடி அவற்றைச் சரியாகத் தின்ன முடியவில்லை. அதற்கு முன் 2008இல் அலாஸ்காவுக்கு வடக்கே பியூபோர்ட் கடலில் ஒரு பெண் கரடி 9 நாள் இடைவிடாமல் 687 கிலோமீட்டர் நீந்தியதைக் கழுத்துப்பட்டைக் கருவி பதிவு செய்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி பிடித்தபோது அவள் எடையில் 22 சதவீதம் போயிருந்தது. கூட வந்த குட்டியும் போயிருந்தது.

எல்லா இடத்திலும் கரடி அழிந்துகொண்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உலகில் சுமார் 26,000 இருக்கலாம் என்பது 2015இன் மதிப்பீடு. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே சுக்சி கடலில் அவை நல்ல நிலையிலேயே பதிவாகியிருக்கின்றன, அந்தக் கடல் அவ்வளவு வளமானது. மேற்கு ஹட்சன் விரிகுடாவிலோ 1980களின் பிற்பகுதியில் சுமார் 1,200 இருந்தவை 2016இல் 842, 2021இல் 618. அங்கே கரடிகள் முன்பைவிட மூன்று நான்கு வாரம் கூடுதலாகக் கரையில் பட்டினி கிடக்கின்றன. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, கடல் எப்படியோ கரடியும் அப்படி என்று தெரிந்துவிடும்.

இப்போது அண்டார்டிகா. அங்கே பனி உண்டு, சீல் உண்டு, பென்குயின் உண்டு. ஆனால் அங்குள்ள பென்குயின்களும் சீல்களும் தரையில் நாலு கால் வேட்டை விலங்கைக் கண்டதே இல்லை. கரடி பக்கத்தில் வந்தாலும் ஓடத் தெரியாது. முதல் சில ஆண்டுகள் கரடி கொழுக்கும், அதற்காக வேறு உயிர்கள் கூட்டம் கூட்டமாக அழியும். போதாததற்கு அண்டார்டிகாவின் கடல்பனியும் 2023 பிப்ரவரியில் அதுவரை அளந்ததிலேயே மிகக் குறைந்த பரப்புக்குச் சுருங்கியது. எந்தச் சூட்டிலிருந்து காப்பாற்ற நினைக்கிறோமோ அந்தச் சூடு அங்கேயும் வந்துவிட்டது. வெப்ப நாட்டில் வைத்து வளர்த்தும் பார்த்தாயிற்று. சிங்கப்பூர் விலங்குக்காட்சிசாலையில் 1990இல் பிறந்த இனுகாதான் வெப்ப மண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. 2004இல் முடியின் குழலுக்குள் பாசி வளர்ந்து அவனும் அவன் தாயும் பச்சையாகிப் போனார்கள். நன்றாகத்தான் பராமரித்தார்கள், 27 வயது வரை இருந்தான். இனி பனிக்கரடி கொண்டுவர மாட்டோம் என்று அந்த விலங்குக்காட்சிசாலையே 2006இல் அறிவித்துவிட்டது. அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

இனி எங்கள் மலை. கேரளத்தின் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரல் கடைசியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். லாரியில் ஏற்றிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில், அதாவது எங்கள் பக்கத்தில், கொண்டுவந்து விட்டார்கள். யானை இங்கே நின்றதா? ஒரு மாதத்துக்குள் கம்பம் நகரத் தெருவில் ஓடியது. அதில் அடிபட்ட ஒருவர் இறந்தே போனார். 144 தடை போட்டார்கள். ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனது. இரு மாநிலத்திலும் யானைமேல் அன்பு கொண்டவர்கள் அழுதார்கள், யானையால் ஆள் இழந்த வீட்டார் கோபப்பட்டார்கள். இரண்டு பக்கத்தின் வலியும் எனக்குப் புரிகிறது. ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப்பில் போகும் அம்மாக்களின் பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் நடத்துகிறேன், யானை பயம் என்னவென்று அவர்களிடம் கேளுங்கள். ஆனால் சின்னக்கானலில் யானைகள் வலசை போகும் பகுதியில் 2000களின் தொடக்கத்தில் நிலமில்லாத ஆதிவாசிக் குடும்பங்களுக்கு இடம் ஒதுக்கிக் குடியேற்றியது யார்? அந்தக் குடும்பங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. யானையின் மேலும் இல்லை. யானைக்கு எந்த இடம், மனிதருக்கு எந்த இடம் என்று பார்க்காமல் வரைபடத்தில் கோடு போட்டவர்களைப் பற்றி நாம் பேசவே இல்லை. யானையை எந்தக் காட்டில் விடலாம் என்று மட்டும் மாதக்கணக்கில் பேசினோம்.

பனிக்கரடி விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. 1973இல் கனடா, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், நார்வே, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளும் ஆஸ்லோவில் கூடி வேட்டையைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் போட்டன. பனிப்போர் காலத்தில் அப்படி ஓர் உடன்பாடு வந்ததே பெரிய விஷயம். அது பலன் தந்தது, ஏனென்றால் அன்றைய ஆபத்து துப்பாக்கி, கைவைத்ததும் துப்பாக்கியில்தான். இன்றைய ஆபத்து நிலக்கரி, பெட்ரோல், டீசல் புகை. 1979 முதல் வடதுருவப் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது. கரடியை இடம் மாற்றுவது பற்றிப் பேசும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் புகையைப் பற்றிப் பேசாத நிமிடம். அடுத்த முறை அந்தப் படத்தைப் பகிர்கிறவர்கள், தாயின் கரு எப்போது பதிகிறது என்பதையும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். அண்டார்டிகா கேள்வி கேட்பவர்களுக்கு நானே வந்து பதில் சொல்கிறேன்.