என் கேரக்டரின் அம்மாவைக் கொல்லாதீர்கள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கேரக்டரை ஏற்று, பகடை உருட்டி, சேர்ந்து கதை சொல்லும் விளையாட்டு. அதை ஆடும் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் சரி, பெற்றோர் உயிரோடு இருக்கும் கேரக்டரைப் பார்ப்பது அபூர்வம். திருட்டு வேலை தெரிந்த ரோக் அநாதை. காட்டில் வேட்டையாடும் ரேஞ்சரின் கிராமத்தை ஆர்க் என்னும் அரக்கர் கூட்டம் எரித்துவிட்டது. மந்திரம் போடும் வார்லாக்குக்கு நாதியே கிடையாது. ஆடுபவர்களுக்குக் கற்பனை வறட்சி என்று, கதையை நடத்தும் டிஎம்கள் (டஞ்சன் மாஸ்டர்கள்) புலம்புகிறார்கள். அநியாயம்! குடும்பத்தை எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் ஆடுபவர்கள்.

போன கேம்பெயினுக்கு, அதாவது பல செஷன் ஓடும் தொடர்கதைக்கு, ஒரு கிளெரிக்கை (கடவுள் அருளால் மந்திரம் போடும் பூசாரியை) உருவாக்கினேன். அவளுடைய அப்பா பரிசல் ஓட்டுபவர். மகள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததில் கோபம், பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் ஆள் அனுப்பி நலம் விசாரிப்பார். பரிசல்மேல் கடன் வேறு இருக்கிறது, அதைத் தங்கை அடைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா முன்னால் திரும்பிப் போய் நிற்பதா வேண்டாமா என்பதுதான் அவள் கதையே. டிஎம் எல்லாவற்றையும் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். முதல் செஷனிலேயே ஊர் சூறை, மூவரும் பிணம். "இப்போ உன் கேரக்டருக்கு மோட்டிவேஷன் கிடைச்சாச்சு" என்றார். கிடைத்ததா? இருந்ததையும் பிடுங்கிவிட்டுப் பேசுகிற பேச்சா இது? அந்தக் கடனை வைத்தே எத்தனை செஷன் ஓட்டியிருக்கலாம்!

கொல்லாதவர்கள் கடத்துவார்கள். தம்பி என்று ஒரு வரி எழுதினால் போதும், வில்லன் அவன் கழுத்தில் கத்தி வைத்துவிடுவான்.

ஆட்டத்தின் விதிப் புத்தகங்களும் சும்மா இல்லை. 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒவ்வொரு பின்னணிக்கும் கீழே பற்று, இலட்சியம், குறை என்று அட்டவணைகள் இருந்தன. குடும்பத்தின் மதிப்பைப் பெற எதையும் செய்வேன் என்பது போன்ற பற்றுகள் அதில் உண்டு. 2024 பதிப்பில் அந்த அட்டவணைகளைத் தூக்கிவிட்டார்கள். பின்னணி என்றால் இப்போது பலம், சாதுரியம் முதலியவற்றுக்கு எண் கூட்டும் இடம், ஒரு ஃபீட் (சிறப்புத் திறமை) வாங்கும் இடம். 2017-இல் வந்த துணைப் புத்தகமான சனதார்ஸ் கைடில் உன்னை வளர்த்தது யார் என்று 1 முதல் 100 வரை விழும் பகடை உருட்டலாம். அதில் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வளர்த்ததாக வருவது 76 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான்!

இத்தனைக்கும் இது செய்யத் தெரியாத வித்தையில்லை. கிரெக் ஸ்டாஃபோர்ட் உருவாக்கிய, ஆர்தர் அரசர் கதைகளை வைத்து ஆடும் பென்ட்ராகன் என்ற இதே வகை விளையாட்டு 1985-லேயே வந்துவிட்டது. அதில் ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் குடும்பத்துக்கென்றே ஒரு கட்டம் உண்டு: கல்யாணம், பிள்ளைப்பேறு, நிலபுலன். வீரன் செத்தால் அவன் வாரிசை எடுத்து ஆடலாம். அங்கேயும் பிள்ளைகள் சாகிறார்கள்தான். ஆனால் அதைப் பகடை முடிவுசெய்கிறது, கதைக்குச் சூடேற்ற நினைக்கும் டிஎம் அல்ல.

அடுத்து என்னை ஆடக் கூப்பிடும் டிஎம்மிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்: என்னைக் கேட்காமல் என் கேரக்டரின் வீட்டு ஆட்கள்மேல் கை வைக்க மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் நான் வேறு மேஜை பார்த்துக்கொள்கிறேன்.