வியன்னா விற்கும் முகமும், வியன்னாவை விட்டு ஓடிய பெண்ணும்

வியன்னா போனவர்கள் அந்த முகத்தைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. சாக்லேட் டப்பா, காபி கோப்பை, குடை என்று எங்கே திரும்பினாலும் கூந்தலில் வைர நட்சத்திரங்கள் சூடிய ஒரு இளம்பெண். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத், செல்லமாக சிசி. 1865-இல் வின்டர்ஹால்டர் வரைந்த ஓவியம் அது. இறந்து 125 வருஷம் தாண்டியும் மக்களுக்கு அவர்மேல் உள்ள மயக்கம் தீரவில்லை. எனக்கும்தான். ஆனால் நினைவுப்பொருள் கடைகள் காட்டும் சிசியை மட்டும் பார்த்துவிட்டு வருவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையில் அவருடைய உடை மாற்றும் அறையைப் பாருங்கள். சுவரில் மர ஏணிக் கம்பிகள், கதவு நிலையில் தொங்கும் வளையங்கள். ஒரு மகாராணியின் அறையில் உடற்பயிற்சிக்கூடம்! உயரம் 172 சென்டிமீட்டர். எடையை 50 கிலோவை ஒட்டியே வைத்திருக்கப் பட்டினி கிடந்தார். கணுக்கால் வரை நீண்ட கூந்தலை அலச ஒரு முழு நாள் ஆகும். முப்பதுகளின் தொடக்கத்திலேயே படம் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டார். அப்புறம் விசிறியும் குடையும்தான் முகத்துக்குத் திரை. அதனால்தான் நம் கண்ணில் அவருக்கு வயதே ஆகவில்லை.

16 வயதில், 1854-இல், பவேரியாவின் ஏரிக்கரையில் ஓடியாடித் திரிந்த பெண்ணைப் பேரரசருக்குக் கல்யாணம் செய்து கொண்டுவந்து, ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் அரண்மனைச் சம்பிரதாயங்களுக்குள் அடைத்தார்கள். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை மாமியார் சோஃபி எடுத்துக்கொண்டார். மூத்த மகள் இரண்டு வயதில் போய்விட்டாள். 1889-இல் ஒரே மகன் ருடால்ஃப் மாயர்லிங்கில் தற்கொலை செய்துகொண்ட பிறகு கறுப்பு உடைதான். கோர்ஃபு, மடெய்ரா என்று ஊர் ஊராகச் சுற்றினார். வியன்னாவில் இருக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த நகரம்தான் இன்று அவரை வைத்துப் பிழைக்கிறது.

இந்த விஷயத்தில் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்தான் என் மனசுக்கு நெருக்கம். ஹங்கேரிய மொழியை விரும்பிக் கற்றவர் அவர். 1867-இல் பேரரசுக்குள்ளேயே ஹங்கேரிக்குத் தனி அரசாங்கம் கிடைத்த உடன்பாட்டுக்காகக் கணவரிடம் விடாமல் வாதாடினார். தன் வாழ்க்கையில் அரசியலில் அவர் முழுமனதோடு இறங்கியது அந்த ஒரு முறைதான். 1903-இல் அங்கே டான்யூப் நதி மேல் அவர் பெயரில் ஒரு பாலம் திறந்தார்கள். 1945-இல் ஜெர்மானியப் படைகள் அதைத் தகர்த்தன. 1964-இல் புதிதாகக் கட்டியபோது அங்கே நடந்தது கம்யூனிஸ்ட் ஆட்சி. அப்போதும் எலிசபெத் பாலம் என்ற பெயர் அப்படியே இருந்தது!

1898 செப்டம்பர் 10, ஜெனீவா. வேறு பெயரில் தங்கியிருந்த 60 வயது சிசி, ஹோட்டலில் இருந்து கப்பலுக்கு நடந்துகொண்டிருந்தார். எந்த அரசும் கூடாது என்ற கொள்கை கொண்ட லுக்கேனி என்ற இத்தாலிய அராஜகவாதி கூராக்கிய அரத்தால் நெஞ்சில் குத்தினான். விழுந்தவர் எழுந்தார், கப்பல் வரை நடந்தே போய் ஏறினார், அங்கேதான் மயங்கினார். இறுக்கிக் கட்டிய கச்சையைத் தளர்த்தியபோது தெரிந்தது ஒரு சின்ன ரத்தப் பொட்டுதான். இன்று வியன்னாவில், ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் கல்லறையான கப்புச்சின் நிலவறையில் கணவருக்கும் மகனுக்கும் பக்கத்தில் கிடக்கிறார்.

என் ஆதங்கம் அவருடைய கவிதைகளைப் பற்றித்தான். ஜெர்மன் கவிஞர் ஹைனேயைக் குருவாக வரித்துக்கொண்டு எழுதினார். சொந்த ஹாப்ஸ்பர்க் உறவினர்களையே அவற்றில் கிழித்தார். எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டி, 60 ஆண்டு கழித்து சுவிட்சர்லாந்து குடியரசுத் தலைவரிடம் சேர்க்கச் சொன்னார். அவற்றிலிருந்து வரும் பணம், அரசியல் காரணங்களுக்காகத் தண்டனை பெற்றவர்களின் பிள்ளைகளுக்குப் போகவேண்டும் என்பது அவர் விருப்பம். தன் கணவரின் பேரரசு சிறைக்கு அனுப்பியவர்களின் பிள்ளைகளை நினைத்த பேரரசி! வைர நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவதில் பாதியாவது இதைப் பற்றிப் பேசியிருக்கலாம்.