பம்பைக்காரருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்

மாசி அமாவாசை வந்தால் போதும், கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் அங்காளம்மனுக்கு நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழா வீடியோக்கள் முகநூலை நிறைத்துவிடும். கிரேனில் தொங்குகிறவர், முதுகில் அலகு குத்தி வண்டி இழுக்கிறவர், கோழியைக் கடிக்கும் காளி வேஷக்காரர். கமென்ட் பக்கம் போனால் இரண்டே கட்சிதான். ‘காட்டுமிராண்டித்தனம்’ என்று ஒரு கூட்டம், ‘எங்கள் பாரம்பரியத்தில் கை வைக்காதே’ என்று இன்னொரு கூட்டம். அங்காளம்மன் எதற்காக மயானத்துக்குப் போனாள் என்று இரண்டு கட்சியிடமும் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரம்மாவுக்கும் ஐந்து தலை, சிவனுக்கும் ஐந்து தலை. ஆள் அடையாளம் தெரியாமல் பார்வதி ஒருநாள் பிரம்மாவை வணங்கிவிடுகிறாள். அவருக்குத் தலைக்கனம் ஏறிவிடுகிறது. கோபத்தில் சிவன் அந்த ஐந்தாவது தலையைக் கிள்ளுகிறார். கிள்ளியது சரி, கையை விட்டுப் போக வேண்டுமே? கபாலம் ஒட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு சரஸ்வதியின் சாபம் வேறு. சிவன் பித்துப் பிடித்துச் சுடுகாடு சுடுகாடாக அலைகிறார். பிச்சையாக விழுவதையெல்லாம் கபாலமே தின்றுவிடுகிறது, அவருக்குப் பட்டினி. பார்வதியும் உருக்குலைந்து, கிழவியாக அலைந்து, கடைசியில் மேல்மலையனூரில் புற்றாக அமர்கிறாள். செஞ்சிப் பக்கம் இருக்கும் அந்தக் கோயில்தான் அங்காளம்மன் கோயில்களுக்கெல்லாம் தாய்வீடு. இன்றும் புற்று அங்கே கருவறையிலேயே இருக்கிறது. பூசை செய்கிறவர்கள் மீனவர் மரபில் வந்த பருவதராஜ குலத்தார்.

அந்த ஊருக்குத்தான் சிவன் பிச்சைக்கு வருகிறார். அம்மன் சோறாக்கி வைத்திருக்கிறாள். முதல் கவளத்தைக் கபாலத்தில் போடுகிறாள், தின்கிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கை தவறியது மாதிரி மயானத்து மண்ணில் இறைக்கிறாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டு இறங்கிப் பொறுக்கப் போகிறது. அவ்வளவுதான், விசுவரூபம் எடுத்துக் காலால் மிதித்துவிடுகிறாள்.

இதே தலை கிள்ளிய கதை தஞ்சாவூர் பக்கம் கண்டியூரிலும் உண்டு. சிவன் வீரம் காட்டியதாகச் சொல்லும் எட்டு ஊர்களான அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று அது. அங்கே பேசப்படுவது சிவனுடைய வீரம். காசிக் கதையிலோ, ஊருக்குள் கால் வைத்ததும் கபாலம் தானாகவே விழுந்துவிடுகிறது. நம் கதையில் மட்டும்தான் வீரம் காட்டியவர் மாட்டிக்கொண்டு பட்டினி கிடக்கிறார், அடுப்புப் பற்றவைத்தவள் புத்தியால் அவரை மீட்கிறாள். அதனாலேயே மூன்றில் இதுதான் பெரிய கதை என்பேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இந்தக் கதை தெரிந்தால் மயானத்தில் நடப்பது வேறு மாதிரி தெரியும். சூறை விடுவதுதான் அங்கே திருவிழாவே. கொழுக்கட்டை, அவித்த பயறு, காய், கிழங்கு, சில்லறைக் காசு என்று அவரவர் கொண்டுவந்ததை வாரி இறைக்கிறார்களே, அது அம்மன் இறைத்த மூன்றாவது கவளம். விவசாயி விளைச்சலில் ஒரு கை கொண்டுவருவதும், கீழே விழுந்ததைப் பொறுக்கிப் போய் நிலத்தில் போடுவதும், பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் முந்தானையை ஏந்துவதும் இதை நம்பித்தான். கோழி கடிப்பதை நான் ரசிக்கிறவன் இல்லை, அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் அதை மட்டும் பத்து நொடிக்கு வெட்டிப் போட்டு ‘இதுதான் மயானக் கொள்ளை’ என்றால் எப்படி? அதேபோல, அந்தரத்தில் தொங்கி மாலை போடுகிறவரின் வேண்டுதலைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. அப்புறம், கிரேன் இல்லாவிட்டால் திருவிழாவே இல்லை என்று நினைக்கவும் காரணம் இல்லை.

என் வருத்தம் வேறு. இந்தக் கதையைப் புத்தகம் காப்பாற்றவில்லை, பம்பை மேளம் தட்டிக் கதை பாடும் பம்பைக்காரர்கள் காப்பாற்றினார்கள். இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு பம்பை, ஒன்று மரம், ஒன்று வெண்கலம். பக்கத்தில் ஒருவர் உடுக்கை, இன்னொருவர் கைச்சிலம்பு. எங்கள் ஊரில் வர்ணிக்கிற பெரியவர் பிரம்மா கதையைச் சும்மா தட்டிக்கொண்டே ஓட்டிவிடுவார். சோறாக்கும் இடம் வந்தால் மட்டும் அவசரமே படமாட்டார். அரிசி களைவது, உலை வைப்பது, கொதி வருவது எல்லாம் வரும். மூன்றாவது கவளத்தில் பம்பையைச் சட்டென்று நிறுத்துவார், சிலம்பு மட்டும் குலுங்கும். ‘போட்டாளா?’ என்று கேட்பார். முன்வரிசைக் கிழவிகள் ‘எறைச்சாளே!’ என்பார்கள். அதற்குள் இரண்டு பேருக்காவது அருள் வந்திருக்கும்.

இப்போது எங்கள் ஊரில் கேரளாவிலிருந்து செண்டை மேளம் வருகிறது, பின்னால் ஜெனரேட்டர் வைத்த டிஜே வண்டி. அவர்களும் உழைத்துத்தான் சாப்பிடுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் நடுவில் பம்பைக்காரரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கப்பரை, அதாவது அம்மனின் கபாலப் பாத்திரம், மயானத்துக்குக் கிளம்பும்போது பேருக்கு நாலு தட்டுத் தட்டச் சொல்கிறோம். அதற்கு ஒரு வேட்டி, ஒரு துண்டு, கொஞ்சம் பணம். அவர் மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அவனை எந்த முகத்தோடு திரும்பக் கூப்பிடுவது?

அடுத்த மாசிக்குத் திருவிழாச் செலவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்டு வருவார்கள். கொடுப்பேன். கூடவே ஒன்று கேட்பேன்: கப்பரை கிளம்பும் முன் ஒரு மணி நேரம் டிஜே வண்டியை அணைத்துவிட்டு, கோயில் மைக்கைப் பம்பைக்காரரிடம் கொடுங்கள். செண்டைக்குப் பேசுகிற கூலியை அவருக்கும் பேசுங்கள். பணம் குறைந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.