டக்டக்கோவுக்கு மாறியாச்சு, சரி. பிரவுசர் எது?

"கூகுள்ல தேடுறதையே விட்டுட்டேன், இப்ப டக்டக்கோதான்" என்று, பயனரைப் பின்தொடர்வதில்லை என்று சொல்லும் அந்தத் தேடுபொறிக்கு மாறியதைப் பெருமையாகச் சொல்பவர்களிடம், எந்த பிரவுசரில் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குரோம் என்றுதான் பதில் வரும். அதுவும் ஜிமெயில் கணக்கோடு சிங்க் ஆன் செய்த, அதாவது கணக்கோடு விவரங்களை இணைத்து வைத்த குரோம். முன்வாசலுக்குப் பூட்டு, கொல்லைப்புறம் திறந்தே கிடக்கிறது.

தேடுபொறிக்குத் தெரிவது நீங்கள் கேட்ட கேள்வி. அதன்பின் எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள், அங்கிருந்து எங்கே போனீர்கள் என்பதெல்லாம் பிரவுசருக்குத் தெரியும். சிங்க் ஆன் என்றால் அந்த வரலாறும் கூகுள் கணக்குக்குப் போய்ச் சேரும். அதனால் முதலில் மாற்ற வேண்டியது பிரவுசரை. தேடுபொறியெல்லாம் அப்புறம்தான்.

வரலாற்றைச் சேமிக்காத இன்காக்னிட்டோ ஜன்னல் இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் லேப்டாப்பை அடுத்துத் தொடுபவரிடமிருந்து மட்டும்தான் மறைக்கும். நெட் கொடுக்கும் கம்பெனிக்கும் நீங்கள் போகும் தளத்துக்கும் அதனால் ஒரு மறைப்பும் இல்லை. இதற்காக 2020இல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்கே போட்டார்கள். 2024இல் சமரசம் ஆனபோது, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. இன்காக்னிட்டோ திறந்ததும் வரும் எச்சரிக்கை வாசகமும் மாறியது.

பெயர் இல்லாமல் தேடினால் யாருக்கு என்ன தெரியும் என்பவர்களுக்கு 2006இல் அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் மாட்டிய விவகாரம் போதும். சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல்களை, பெயரை எடுத்துவிட்டு வெறும் எண் போட்டு, ஆய்வுக்கென்று வெளியிட்டார்கள். சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய பெண்மணியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். ஊர்ப்பெயர், சொந்தக்காரர் பெயர், உடம்புக்கு என்ன என்பதையெல்லாம் நாமே தட்டச்சு செய்யும்போது தனியாகப் பெயர் எதற்கு?

தேடுபொறிகளில் யாரும் உத்தமர் கிடையாது. டக்டக்கோவின் முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருவது. 2022இல், அவர்களுடைய பிரவுசரே மற்ற தளங்களில் மைக்ரோசாஃப்ட் டிராக்கர்களை, அதாவது நம்மைப் பின்தொடரும் நிரல்களைத் தடுக்காமல் விட்டது அம்பலமாகி, பிறகு சரிசெய்தார்கள். பிரேவ் பிரவுசர் 2020இல், கிரிப்டோ தள முகவரியை அடித்தால் தன் கமிஷன் குறியீட்டைச் சேர்த்துக்கொண்டு மாட்டியது. ஆனால் அதே பிரேவின் தேடுபொறிக்கு, பிறரிடம் வாங்காமல் தானே திரட்டிய இணையப் பக்க அட்டவணை உண்டு. சின்னதாக இருந்தாலும் மோஜீக் என்ற தேடுபொறியிடமும் உண்டு. ஸ்டார்ட்பேஜ் என்ற தேடுபொறி, கூகுளிடமும் பிங்கிடமும் முடிவுகளை வாங்கி, உங்கள் ஐபி முகவரியை (நெட் இணைப்பின் அடையாள எண்ணை) காட்டாமல் கொடுக்கிறது. தமிழில் தேடுபவர்களுக்கு என் சிபாரிசு ஸ்டார்ட்பேஜ்தான், சின்ன அட்டவணைகளில் தமிழ்ப் பக்கங்கள் குறைவு என்பதால். டக்டக்கோவில் ஆச்சரியக்குறியும் ஜி என்ற ஆங்கில எழுத்தும் போட்டுத் தேடினால் நேரே கூகுளுக்கே அனுப்பிவிடும். அந்தத் தேடலுக்கு எந்த மறைப்பும் கிடையாது.

பிரவுசருக்கு என் ஓட்டு ஃபயர்ஃபாக்ஸ். அதை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுள் கொடுப்பது என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். காரணம் யூபிளாக் ஆரிஜின். பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் அந்த நொடியிலேயே பார்த்துத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்க்கும் துணைச் செயலி அது. குரோமின் புது விதிப்படி தடுப்புப் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதனால் 2024 கடைசியிலிருந்து அங்கே அதைப் படிப்படியாக முடக்கி, இப்போது திறன் குறைந்த லைட் பதிப்புதான். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது, ஃபயர்ஃபாக்ஸில் முடியும்.

போனில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டதும் செட்டிங்ஸில் சர்ச் பகுதிக்குப் போய்த் தேடுபொறியை மாற்றுங்கள். அங்கேயே, தட்டச்சு செய்யும்போதே பரிந்துரை காட்டும் சர்ச் சஜஷனை அணைத்துவிடுங்கள். அது ஆன் என்றால் என்டர் தட்டும் முன்பே, அடித்து அழித்த எழுத்துகள் உட்படத் தேடுபொறிக்குப் போய்க்கொண்டிருக்கும். பிறகு டிராக்கிங் பாதுகாப்பை ஸ்ட்ரிக்ட் ஆக்கி, யூபிளாக் ஆரிஜினை மட்டும் சேருங்கள். பாதுகாப்பு என்று பத்து எக்ஸ்டென்ஷன் போட்டால், அந்தக் கலவையே உங்கள் பிரவுசரைக் கூட்டத்தில் தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ட்ரிக்டில் சில பணம் கட்டும் பக்கங்கள் நடுவில் நின்றுவிடும். முகவரிப் பட்டையிலுள்ள கேடயத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்தால் ஓடும்.

குரோமை அழிக்க வேண்டாம். வங்கி, ஜிமெயில், ரயில் டிக்கெட் அதில் இருக்கட்டும், தேடுவதும் படிப்பதும் ஃபயர்ஃபாக்ஸில், கூகுள் கணக்கு உள்ளே நுழையாமல். கூகுள் கணக்கில், உங்கள் தேடல்களைப் பதிந்து வைக்கும் வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டியை அணையுங்கள். மேப்ஸில் முன்பு தேடிய இடங்கள் வராதே என்று தோன்றினால், குறைந்தது தானாக அழியும் காலத்தை 3 மாதமாக்குங்கள். 2020க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு, நீங்கள் மாற்றாதவரை அது 18 மாதம்.

உங்கள் நெட் போக்குவரத்தைத் தன் சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் சேவைகளின் விளம்பரங்களுக்கு மயங்க வேண்டாம். நெட் கம்பெனி பார்த்ததை இனி விபிஎன் கம்பெனி பார்க்கும், அவ்வளவே. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் உத்தரவிட்டதும், சில நிறுவனங்கள் இங்கிருந்து சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன.

போன் செட்டிங்ஸில் டீஃபால்ட் ஆப்ஸ் போய், பிரவுசர் என்ற இடத்தில் ஃபயர்ஃபாக்ஸைத் தேர்ந்தெடுக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வாட்ஸப்பில் வரும் லிங்க் எல்லாம் அப்புறம் குரோமில்தான் திறக்கும். ஃபேஸ்புக் அதையும் மதிப்பதில்லை. அங்கே ஒரு லிங்க்கை அழுத்தினால் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தப் பிரவுசருக்குள்தான் திறக்கும். ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, வெளியே திறக்கும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.