கையெழுத்து இருக்கு, சரி. முடிவெடுத்தது யாருங்க?

"மக்கள் பங்கேற்பு: மிகச் சிறப்பு"னு முடியுற அந்த மதிப்பீட்டு அறிக்கையை நேத்துல இருந்து ஆளாளுக்குப் பகிர்றீங்க. ஊர்க்காரங்களைச் சேர்த்து வனத்துறை அமைச்ச ஒரு கிராம வனக்குழு காடு காத்ததைப் பத்தின அறிக்கை அது. எந்த மலை, எந்தக் குழுனு பகிர்ற எல்லாருக்கும் தெரியும். அதுல பங்கேற்புக்குச் சான்றா இருக்கிறது வருகைப் பதிவேடும் ஒரு குழுப் படமும்தான். கையெழுத்துப் போட்டவர் கூட்டத்துக்கு வந்தவர், அவ்வளவுதான். முடிவெடுத்தவர் ஆகிட மாட்டார்.

தீர்மானப் புத்தகத்தைத் திறங்க. எந்தச் சரிவை மேய்ச்சலுக்கு மூடுறது, என்ன கன்னு நடுறது, துடைப்பத்துக்கான சீமாத்துப்புல் எப்ப அறுக்கிறதுனு யார் முன்மொழிஞ்சாங்க? ஊர்க்காரங்க பேச்சால திட்டம் மாறின இடம் ஒண்ணாவது இருக்கா? வங்கிப் புத்தகம் யார் கையில? விறகுக்குப் போற பெண்களைத் தனியா உட்கார வெச்சுக் கேட்டாங்களா? தலைவர் பக்கத்துல நிக்கிறப்பக் கேட்டா "எல்லாம் நல்லாருக்குங்க"னுதான் பதில் வரும்.

காட்டை அளந்த விதம் அதைவிட வேதனை. மழை முடிஞ்ச கையோட வந்து பச்சையைப் பார்த்திருக்காங்க. சத்தியமங்கலம், அந்தியூர் மலையடிவாரத்துல அந்தப் பச்சையில எவ்வளவு உண்ணிச்செடிங்கிற களைப்புதர்னு காட்டுக்குள்ள நடந்தாத்தான் தெரியும். செயற்கைக்கோள் படத்துல உண்ணியும் பச்சை, நம்ம காட்டு மரமான வெக்காலியும் பச்சை. மரத்துக்குப் பத்துக்குப் பத்து மீட்டர், புதருக்கு அஞ்சுக்கு அஞ்சு, புல்லுக்கும் நாத்துக்கும் ஒண்ணுக்கு ஒண்ணுனு தரையில கட்டம் போட்டு உள்ள இருக்கிறதை எண்ணணும். மரத்தோட சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்துல எடுக்கணும். குழு காக்காத பக்கத்துச் சரிவுலயும் இதே கட்டம் வேணும். இல்லைனா நல்ல மழை செஞ்ச வேலை குழு கணக்குல ஏறிடும். 2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்ச மாதிரி ஒரு வருசம் வந்தா, பாவம், வறட்சியோட பழியும் குழு மேலதான் விழும். இங்க மூடின சரிவுல மேய்ஞ்ச வெள்ளாடு இப்ப எந்தச் சரிவுல மேயுதுனு யாராச்சும் போய்ப் பார்த்தாங்களா?

நட்ட கன்னு பிழைச்ச கணக்கும் அப்படித்தான். மலை மறைச்சு மழை குறையுற மழைநிழல் மண்ணுல ரெண்டு கோடை தாண்டினாத்தான் பிழைச்சதுனு சொல்லணும். செத்த குழியில திரும்ப நட்டதைத் தனியா எழுதணும். ஒண்ணாச் சேர்த்து எண்ணினா, அந்தக் கணக்கை வெச்சு அடுத்த வருசம் எந்தக் கன்னு நடலாம்னுகூட முடிவு பண்ண முடியாது.

"வனத்துறையைக் குறை சொல்றியா"னு கேப்பீங்க. இல்லைங்க. ராத்திரி யானை பார்த்துட்டுக் காவல் இருக்கிற களப்பணியாளர் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. "அளக்கக் காசு ஆகுமே"னா, ஆகும். காசில்லைனா "அளக்கலை"னு எழுதிடலாம், "மிகச் சிறப்பு"னு எழுத வேண்டாம். "மக்கள் கையில குடுத்தா காடு மிஞ்சாது"னு ஒருத்தர் எழுதியிருந்தார். அதுதான் ரொம்ப வலிச்சது. திம்பம் மலைப்பாதைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகத்துல சோளகர் பழங்குடிகளோட சமூக வன உரிமையை, அதாவது ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்திக் காக்கிற உரிமையை, 2011-லயே ஏத்துக்கிட்டாங்க. நெல்லிக்காய்க்குக் கிளையை வெட்டக்கூடாது, தேனடையில புழு இருக்கிற பக்கத்தை விட்டுடணும்னு அறிஞ்ச ஜனங்க அவங்க.

நம்ம பக்கம் 1997-ல ஜப்பான் கடனுதவியோட வந்த காடு வளர்ப்புத் திட்டத்துலயே கிராம வனக்குழு வந்தாச்சு. திட்டத்துக்காக உண்டாக்கின குழு வேற, 2006 வன உரிமைச் சட்டம் சொல்ற, ஊர்ல வயசு வந்த எல்லாரும் சேர்ந்த கிராம சபை வேற. அந்த சபை கூடினா உறுப்பினர்ல பாதிப்பேராவது இருக்கணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள் இருக்கணும். இந்த அறிக்கையில கிராம சபைனு ஒரு வார்த்தை இல்லை.

2022-ல சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துல மேய்ச்சலுக்கு சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. 2024-ல ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்காடு தந்தை பெரியார் சரணாலயமாச்சு. பர்கூர் மாட்டுப் பட்டி காட்டுக்குள்ளயே இருந்து வளர்ந்தது. அங்க பட்டி வெச்சிருக்கிற ஒரு பெரியவர் கேட்டார்: "தீ அணைக்க மட்டும் நாங்க வேணும், மாடு மேய்க்க நாங்க ஆகாதுங்களா?" அவருக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு இடமில்லாத படிவத்தை வெச்சுப் பங்கேற்பை அளந்து மார்க் போடுறீங்க.

அடுத்த தடவை பிப்ரவரியில வாங்க. தீத்தடுப்புக் கோடு வெட்டியாச்சா, கூலி கைக்கு வந்துச்சா, பணம் மார்ச்சுலதான் வரும்னா காஞ்ச புல்லை யார் காக்கிறதுனு பாருங்க. அறிக்கையைத் தமிழ்ல எழுதி அந்த ஊர் கிராம சபையில முழுசா வாசிங்க. ஊர்க்காரங்க மறுத்துச் சொல்றதை ஒரு வரி வெட்டாம அதே அறிக்கையில சேருங்க. அதுக்கப்புறம் பகிருங்க, நானும் பகிர்றேன்.