பலத்த காற்றில் பாயைத் திறந்துவிடுவது பாதுகாப்பல்ல

விண்ட்சர்ஃபிங்கில் (பாய்மரம் பொருத்திய பலகையில் அலைமேல் சறுக்கும் விளையாட்டு) தாவிச் சுழல்வது பற்றி, "40 நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) காற்றில் பெரிய பாயோடு போனால் தாவும் உயரம் கூடும், பயந்தால் நடுவில் பாயைத் திறந்துவிடுங்கள், பத்திரமாக இறங்கலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பி இறங்காதீர்கள்.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் உள்ள போசோ கடற்கரையில், காற்று வெறிகொண்டு அடிக்கும் நாட்களில், உலகத்தர வீரர்களே 3 முதல் 4 சதுர மீட்டருக்குள் பாய் எடுக்கிறார்கள். உயரத்துக்குப் பெரிய பாய் அல்ல, நல்ல செங்குத்தான அலையும் வேகமும் வேண்டும்.

நடுவில் பாயைத் திறக்கச் சொல்லும் இரண்டாவது அறிவுரைதான் எனக்குக் கவலை. ஃபார்வர்ட் லூப்பில் (தாவி, காற்று போகும் பக்கமாக முன்னோக்கி அடிக்கும் குட்டிக்கரணம்) உங்களைச் சுழற்றுவதே பாயின் இழுப்புதான். பின் கையைப் பூமில் (பாயைப் பிடிக்கும் குறுக்குக் கம்பி) பின்னால் நகர்த்திப் பிடித்து, பாயை உள்ளே இழுத்து, தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். நடுவில் பாயைத் திறந்து காற்றை வெளியே விட்டால் சுழற்சி செத்துவிடும். முதுகோ விலாவோ தண்ணீரில் அறையும். டபுள் லூப் (ஒரே தாவலில் இரண்டு சுற்று) அடிப்பவர்கள் முதல் சுற்று முடிந்தும் உடலைச் சுருக்கி, பாயை விடாமல் இழுத்தே வைத்திருப்பது இதனால்தான். பேக் லூப் வேறு கதை, அது காற்றை நோக்கிச் சுழல்வது. இரண்டையும் குழப்பாதீர்கள்.