காசாவின் பசிக்கு யார் பொறுப்பு? லாரிக் கணக்கிலிருந்து பார்ப்போம்

காசா பற்றி என்ன எழுதினாலும் கீழே இரண்டு கேள்விகள் வந்துவிடும். "அக்டோபர் 7 ஞாபகம் இல்லையா?" என்பார் ஒருவர். "அதற்கு முன் 75 வருஷம் நடந்தது தெரியாதா?" என்பார் இன்னொருவர். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் பெரும்பாலும் தன் பக்கத்துக் கணக்கைக் குறைத்துக் காட்டத்தான் அவற்றைக் கேட்கிறார்கள். ஒருவருக்குக் கூட எழுதினால் மற்றவருக்குக் குறைவதற்குப் பொறுப்பு என்ன பாகப்பிரிவினைச் சொத்தா? எது யார் கையில் இருந்ததோ, அதற்கு அவர் முழுப் பொறுப்பு.

ஹமாஸிலிருந்தே தொடங்குகிறேன். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள். காசா எல்லையோரத்தில் இருக்கும் பேரி, நிர் ஓஸ், கஃபார் அசா ஊர்களில் ஹமாஸ் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். நோவா இசைவிழாவுக்கு வந்த இளைஞர்களைக் கொன்றார்கள். கைக்குழந்தை உட்பட 251 பேரைக் கொண்டுபோனார்கள். பணயக்கைதி பிடிப்பதை நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 34-ஆம் பிரிவு ஒரே வரியில் தடை செய்கிறது, விதிவிலக்கே கிடையாது. சிறைவைத்த இடத்தில் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை விடவில்லை. 2025 ஆகஸ்டில் ஹமாஸே வெளியிட்ட காணொளியில், எலும்பும் தோலுமான ஒரு கைதி தன் குழியைத் தானே தோண்டினார். சொந்த மக்களுக்குச் செய்ததும் சிறிய குற்றமல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுரங்கம் தோண்டியவர்கள் பொதுமக்களுக்குப் பதுங்குகுழி கட்டவில்லை. சுரங்கம் எங்களைக் காக்க, மக்களைக் காப்பது ஐ.நா.வின் வேலை என்ற பொருளில் ஹமாஸ் தலைவர் மூசா அபு மர்சூக் தொலைக்காட்சியிலேயே பேசினார். ஆக்கிரமிப்பை எதிர்க்கும் உரிமை இதில் எதையும் நியாயப்படுத்தாது.

இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகும் இஸ்ரேலின் கடமை ஒரு துளியும் குறையவில்லை. ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்த்த முதலாம் கூடுதல் நெறிமுறையின் 51-ஆம் பிரிவு, ஒரு தரப்பு மக்களைக் கேடயமாக வைத்தாலும் மறு தரப்பின் கடமை தீராது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த நெறிமுறையில் இஸ்ரேல் சேரவில்லை. ஆனால் எதிரி விதியை மீறினான் என்பதற்காக நானும் மீறலாம் என்ற வாதத்தை, யாரும் சேராவிட்டாலும் எல்லோரையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமே ஏற்பதில்லை.

குண்டுவீச்சை விட்டுவிட்டுப் பசியை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. ஒரு கட்டடத்தின் மீது குண்டு விழுந்தால், உள்ளே யார் இருந்தார்கள், தளபதிக்கு என்ன தெரிந்திருந்தது என்ற தகவல் ராணுவத்திடம் மட்டுமே இருக்கும். உணவு அப்படியல்ல. எடை இருக்கிறது, தேதி இருக்கிறது, வாசல் இருக்கிறது.

கணக்கைப் போடுவோம். அவசரகாலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பது உலக அளவுகோல். ஒரு கிலோ கோதுமை மாவில் ஏறக்குறைய 3,500 கலோரி, ஆக ஆளுக்கு 600 கிராம். காசாவின் 21 லட்சம் பேருக்கு 1,260 டன். இருபது டன் லாரி என்றால் மாவுக்கு மட்டும் தினம் 63 லாரி. வெறும் மாவைத் தின்று உயிர்வாழ முடியாது. பருப்பு, எண்ணெய், டின் உணவு சேர்த்து மாதம் 62,000 டன் வேண்டும் என்றது உலக உணவுத் திட்டம், அதாவது தினம் நூறு லாரி. இது இஸ்ரேலுக்குப் புதிய கணக்கும் அல்ல. 2008-இல் அதன் பாதுகாப்பு அமைச்சகமே ஆளுக்கு 2,279 கலோரி, வேலைநாளுக்கு 106 லாரி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தது. கீஷா என்ற இஸ்ரேலிய உரிமை அமைப்பு வழக்கு நடத்தித்தான் 2012-இல் அந்த ஆவணம் வெளியே வந்தது. போருக்கு முன் வணிகச் சரக்கும் சேர்த்து வேலைநாளில் சுமார் 500 லாரிகள் உள்ளே போயின.

2023 அக்டோபர் 9 அன்று பாதுகாப்பு அமைச்சர் யோவ் கலான்ட் முழு முற்றுகை அறிவித்தார்: மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை. எகிப்து எல்லையிலுள்ள ராஃபா வாசல் வழியாக முதல் 20 லாரிகள் நுழைந்தது அக்டோபர் 21 அன்றுதான். அதன் பிறகும் வழி எளிதாக இல்லை. இஸ்ரேல் எல்லையிலுள்ள கெரெம் ஷாலோம் வாசலில் வெளியிலிருந்து வரும் லாரி சரக்கை இறக்கும், ஸ்கேனர் பார்க்கும், அனுமதி பெற்ற வேறு வண்டிகள் காசா பக்கத் தளத்துக்கு மாற்றும், அங்கிருந்து காசா ஓட்டுநர் எடுத்துப் போக வேண்டும். ஓட்டுநர் யார், எந்தப் பாதை, எத்தனை மணி என்பதற்கெல்லாம் கோகட் என்ற ராணுவப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். ராணுவப் பயன்பாடும் இருக்கலாம் என்று ஒரு பொருளை நிறுத்தினால் அதோடு வந்த முழு லாரியும் திரும்பும். "சரக்கு தளத்தில் கிடக்கிறது, ஐ.நா. எடுக்கவில்லை" என்று இஸ்ரேல் சொன்ன நாட்களில் சரக்கு கிடந்தது உண்மைதான். ஆனால் எடுக்கப் போகும் பாதைக்கும் நேரத்துக்கும் சம்மதம் சொல்ல வேண்டியதும் இஸ்ரேல்தான்.

2025 மார்ச் 2-க்குப் பிறகு இந்த வாதத்துக்கும் இடமில்லை. அன்று எல்லா வாசல்களையும் மூடியதை இஸ்ரேல் அரசே அறிவித்தது. மார்ச் 9 அன்று தெற்கு காசாவின் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கான மின்சாரத்தையும் துண்டித்தது. நாளொன்றுக்கு 1.8 கோடி லிட்டர் கொடுத்த நிலையம் 25 லட்சம் லிட்டருக்கு இறங்கியது. மாத முடிவில் உலக உணவுத் திட்டம் நடத்திய 25 ரொட்டிக்கடைகளும் மூடப்பட்டன. ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தத்தின் 42 நாட்களில் 25,000 லாரி போயிருக்கிறது, போதும் என்றது இஸ்ரேல். மே 19 வரை, பதினோரு வாரம், ஒரு மூட்டைகூட நுழையவில்லை. இதில் ஹமாஸுக்கு என்ன பங்கு என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. பேச்சுவார்த்தையில் ஹமாஸ் இறங்கி வரவில்லை என்பதற்காக ஒரு வயதுக் குழந்தையின் பாலை நிறுத்துவது கூட்டுத் தண்டனை. அதை நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு தடை செய்கிறது.

"ஹமாஸ் திருடுகிறது" என்ற குற்றச்சாட்டை நான் ஒதுக்கவில்லை. கொள்ளை நடந்தது. 2024 நவம்பரில் 109 லாரிகள் கொண்ட ஒரே அணியில் 98 சூறையாடப்பட்டன. ஆனால் அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 156 சம்பவங்களை உள்ளே ஆராய்ந்தபோது, ஹமாஸ் பெருமளவில் திருடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கொள்ளைக்குக் காரணம் தட்டுப்பாடு. சொட்டுச் சொட்டாக விட்டால் மாவின் விலை எகிறும், எகிறினால் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அது தொழிலாகும். 2025 ஜனவரி போர்நிறுத்தத்தில் லாரிகள் தாராளமாக வந்தபோது கொள்ளை ஏறக்குறைய நின்றேபோனது. திருட்டுக்கு மருந்து கூடுதல் உணவு என்பது அங்கேயே நிரூபணமாயிற்று.

செய்ததோ நேர்மாறு. ஐ.நா. நடத்திய சுமார் 400 விநியோக இடங்களை ஓரங்கட்டி, மே இறுதியில் அமெரிக்காவும் இஸ்ரேலும் ஆதரித்த காசா மனிதாபிமான அறக்கட்டளையின் நான்கு மையங்கள் தொடங்கின. மூன்று தெற்குக் கோடியில், ஒன்று நடுப்பகுதியில். ராணுவ வளையத்துக்குள் மைல்கணக்கில் நடக்க வேண்டும், முதலில் ஓடியவருக்குப் பெட்டி. முதியவருக்கும் குழந்தையோடு நிற்கும் தாய்க்கும் அதில் இடமே இல்லை. உள்ளே இருந்ததும் அரிசி, மாவு, பருப்பு: சமைக்கத் தண்ணீரும் எரிவாயுவும் வேண்டும், இரண்டும் இல்லை. ஜூலை 21-க்குள் உணவு தேடிப்போய்ச் செத்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள், பெரும்பாலோர் இந்த மையங்களின் அருகில் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவு செய்தது. நான்கு இடத்தில் 21 லட்சம் பேரை வரிசையில் நிறுத்த முடியாது என்பதைக் காகிதத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 22 அன்று காசா ஆளுநரகத்தில் (காசா நகரமும் சுற்றுப்புறமும்) பஞ்சம் என்று, உணவு நெருக்கடியை அளக்கும் சர்வதேச அமைப்பான ஐபிசி அறிவித்தது. அளவுகோல் மூன்று: ஐந்தில் ஒரு குடும்பம் உணவின்றித் தவிப்பது, குழந்தைகளில் கடும் ஊட்டக்குறைவு, நாளுக்குப் பத்தாயிரம் பேரில் இரண்டு சாவு. உயரத்துக்கேற்ற எடை பார்த்தால் 30 சதவீதம், கையில் நாடா சுற்றி அளந்தால் 15 சதவீதம் என்பது இரண்டாவதன் எல்லை. அந்த எல்லையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள் என்று இஸ்ரேல் கண்டித்தது. நாடாவுக்கான 15 சதவீதம் அதற்கு முன்பே கையேட்டில் இருந்தது. நாடா 115 மில்லிமீட்டருக்குக் கீழே காட்டினால் அந்தக் குழந்தை சாவின் விளிம்பில் இருக்கிறது. அதை மீட்க ஒரு பெட்டி வேர்க்கடலை விழுது போதும்: 92 கிராம் பொட்டலங்கள் 150, ஆறு முதல் எட்டு வாரச் சிகிச்சை. ஒரு லாரியில் நூற்றுக்கணக்கான பெட்டிகள் ஏறும்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பர் 21 அன்று ஒரே நாளில் நெதன்யாகு, கலான்ட், ஹமாஸின் முகமது தெய்ஃப் மூவருக்கும் பிடியாணை பிறப்பித்தது. முதல் இருவர் மீது பட்டினியைப் போர்முறையாக்கிய குற்றச்சாட்டு, மூன்றாமவர் மீது கொலையும் பணயக்கைதி பிடித்ததும். தெய்ஃப் கொல்லப்பட்டது உறுதியானதும் அவர் வழக்கு முடிந்தது. ஒருவர் குற்றத்தைக் காட்டி இன்னொருவர் குற்றத்தைத் தள்ளுபடி செய்யவில்லை. அமெரிக்காவை இன்னும் எந்தச் சர்வதேச நீதிமன்றமும் கேட்கவில்லை. ஆயுதம் கொடுத்துக்கொண்டே, தரைவழி வாசலைத் திறக்கச் சொல்லி அழுத்த முடியாமல், 2024-இல் காசா கடற்கரையில் 23 கோடி டாலர் மிதவைத் துறைமுகம் கட்டி இரண்டு மாதத்தில் கழற்றிக்கொண்டு போனது.

2025 அக்டோபர் 10 போர்நிறுத்தத்தில் பேசப்பட்டது தினம் 600 லாரி. அந்த எண்ணைப் படிக்கும்போது கூடவே சிலவற்றைக் கேளுங்கள். வணிகச் சரக்கு எத்தனை, இலவச உதவி எத்தனை? வருமானமே இல்லாதவர் கடைப்பொருளை எதைக் கொடுத்து வாங்குவார்? வடக்கே ஜிகிம் வாசல் திறந்திருக்கிறதா, இல்லை காசா நகரத்து மாவும் தெற்கிலிருந்து நொறுங்கிய சாலையில் ஏறி வர வேண்டுமா? சமையல் எரிவாயு எவ்வளவு? தண்ணீர்க் குழாய்க்கும் ஜெனரேட்டருக்குமான உதிரிபாகம் வந்ததா, ஸ்கேனரில் திரும்பியதா? கோகட் ஒரு எண் சொல்லும், ஐ.நா. வேறொன்று சொல்லும். பெரும்பாலும் முன்னது வாசலில் எண்ணியது, பின்னது கிடங்கில் எண்ணியது.